ஈய அறை

இரவு இரண்டு பத்து.
பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறை.
கதவுக்குள் ஈயத் தகடு இருக்கிறது;
தள்ளும்போதே கைக்குத் தெரிந்துவிடும்
இது வெறும் மரமல்ல என்று.

சக்கரக் கதிரையில் வந்தவர் பெயர் றெமீஜியஸ்.
குருநகர். வயது நாற்பத்தாறு.
தொழில்: போன் கோபுரம் ஏறுவது.
விழுந்தது: முருங்கையில் இருந்து.

"நூற்றைம்பது அடியில நிண்டு அன்ரெனா திருப்பிற ஆள்,
பன்னிரண்டு அடியில முறிஞ்சு போனன் மிஸ்.
ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."
சிரித்தார்.
சிரிப்பு தோள்மூட்டில் முட்டிப்
பாதியில் நின்றது.

மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ. அசையாதேங்கோ.
கண்ணாடிக்குப் பின்னால் போய்
பொத்தானை அழுத்தினேன்.
ஒரு கண்சிமிட்டுகூட இல்லை.
சூடில்லை, நிறமில்லை.
எதுவோ அவரைக் கடந்து போயிற்று.

அதுவும் வெளிச்சம்தான்.
அவருடைய கோபுரத்தில் இருந்து
ஊரெல்லாம் போவதும் அதே வெளிச்சம்.
அங்கே ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையில்
ஒரு சாண்;
இங்கே
ஓர் அணுவின் அகலமும் இல்லை.
நடுவில் எங்கோ ஒரு மெல்லிய கீற்றுக்கு மட்டும்
எங்களுக்குக் கண் தந்திருக்கிறது.
அதற்குள்ளேயே
மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று பேர் வைத்து
அரைநாள் நின்று சேலை எடுக்கிறோம்.

திரையில் அவர் வந்தார்.
கடந்து போன இடமெல்லாம் கறுப்பு.
விட்டுக்கொடாத இடமெல்லாம் வெள்ளை.
காறையெலும்பு இரண்டாய்.
கீழே, மூன்றாம் விலாவுக்குப் பக்கத்தில்
எலும்பையும்விட வெள்ளையாய்
ஒரு நெல்மணி.

"கழுத்தில சங்கிலி, குருசு ஏதும்?"
"இல்லை."
"அப்ப திரும்ப ஒருக்கா எடுக்கவேணும்."
"தேவையில்லை மிஸ். அது பழசு."

எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.
விண்ணப்பத் தாளில் அதற்குக் கட்டமில்லை.

அவரேதான் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு:
"பலாலியில பிளேன் ஏறப்போன நேரம்
ஒரு தடியால தடவினவங்கள்.
இந்த இடத்துக்கு வந்தா மட்டும் அது கத்தும்.
பெல்ற்றைக் கழட்டச் சொன்னாங்கள், கழட்டினன்.
சப்பாத்தை. அதையும் கழட்டினன்.
பிறகும் கத்திச்சுது.
கழட்ட ஒண்டுமில்லை."

படத்தின் மூலையில்
இடப்பக்கம் என்று காட்ட நான் வைக்கும்
எல் எழுத்து இருக்கிறது.
அது ஈயத்தில் வார்த்தது.
இரண்டும் ஒரே வெள்ளை.

நல்ல கையால் போனை எடுத்தவர்
முகம் சுருங்கினார். தொழில் அவமானம்.
"ஒரு கோடுகூட இல்லை. இந்தப் பக்கம்
என்ர கோபுரம்தானே பார்க்குது?"
"சுவர் முழுக்க ஈயம் அண்ணை.
கதிர் வெளிய போகாமல் இருக்க."
"ஈயமோ?" என்றார்.
சுவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.
இன்னொருமுறை சுவரை.

கதவைத் தள்ளினேன்.
சக்கரம் நிலையைத் தாண்டிய கணம்
அவர் மடியில் போன் அடித்தது,
செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன,
மூன்றடி தூரத்தில் ஜசிந்தா
காதில் போனோடு நின்றாள்.
"ஏழு தரம் எடுத்திட்டன்."
"கதவுக்கு இஞ்சால நிண்டுகொண்டோ?"
"வேற எங்க நிக்கிறது?"
இருவரும் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.

என் நெஞ்சில் ஒரு சிறு பட்டை குத்தியிருக்கிறது.
என்னைத் தொட்ட கதிர்களை அது எண்ணும்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய்
ஓர் இலக்கமாய்த் திரும்பி வரும்.
இம்முறையும் குறைவாகத்தான் வரும்,
பயப்பட ஒன்றுமில்லை என்று.

அடுத்தது
ஐந்து ரூபாய் விழுங்கிய பிள்ளை.
தகப்பன், சித்தப்பன், ஓட்டோக்காரர் எல்லோரும்
திரைக்கு முன்னால் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.
நாணயம் நிலவுபோல் வட்டமாய் இருக்கிறது.

அது இரண்டு நாளில்
தானாய் வெளியே வந்துவிடும்.